வெள்ளைக்கரட்டில் ஒரு கம்பளி அகலம்

மனிதன் கல்லாய்ப் பேச்சற்று நிற்க, ஆமை ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னால். எத்தனை வருசத்துக்கு முன்னால் என்று கேட்காதீர்கள். எனக்கும் தெரியாது, தெரிந்து உங்களுக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை.

அந்தக் காலத்தில் சுதைபுரி என்றொரு நாடு. நாட்டின் நடுவில் ஒரு சின்ன மலை. அடிமுதல் உச்சிவரை சுண்ணாம்புக்கல் என்பதால் அதற்கு வெள்ளைக்கரடு என்று பெயர். கல்லுக்கு மேலே நாலு விரல் கனத்துக்குத்தான் மண். அந்த மண்ணில் எந்தச் செடியும் கொழுக்க முடியாது. எதுவும் கொழுக்க முடியாததால் எதுவும் எதையும் அமுக்கவும் முடியாது. ஆகவே உச்சிப் புல்வெளியில் ஒரு முழம் அளந்தால் அதற்குள் பத்துப் பதினைந்து வகைச் செடி இருக்கும். விரல் நீளப் புல், மூக்குத்தி அளவு மஞ்சள் பூ, தரையோடு தரையாகப் படர்ந்த நீலப் பூ. அந்தப் பூவைத் தேடி வரும் நீல வண்ணத்துப்பூச்சி. புல்லுக்கு நடுவே தரையில் முட்டையிடும் வானம்பாடி. சரிவு முழுக்கக் குட்டைக்காடு. சுண்ணாம்புச் சூளைக்காரர்கள் விறகுக்கு அதை முறைவைத்து வெட்டுவார்கள், இந்த வருசம் கிழக்கே, அடுத்த வருசம் தெற்கே. வெட்டிய கட்டை திரும்பத் துளிர்க்கும், வெயில் விழுந்த இடமெல்லாம் பூக்கும்.

உச்சியில் ஆடு மேய்த்தவன் வீரணன். நாற்பது ஆடு, ஒரு கிடா. மூன்று ராத்திரிக்கு மேல் ஒரே இடத்தில் பட்டி போட மாட்டான். நாலாம் நாள் காலையில் படலையும் முள்ளையும் கிளப்பிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுவான். ஏன் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. அவன் அப்பன் அப்படிச் செய்தான், அவ்வளவுதான். அவன் பெண்டாட்டி சிலம்பாயி, கீழே வயல்களில் கூலிக்குக் களையெடுப்பவள். உச்சிப்பொழுது ஆனால் கஞ்சிக் கலயத்தோடு கரட்டின் மேலே ஏறிவிடுவாள். இந்தக் கதை அவளுடையது.

அந்த நாட்டு ராசா குணதரன். நல்லவர். நல்லவர்கள் செய்கிற தப்பு இருக்கிறதே, அதைத் திருத்துவது லேசில்லை. நல்லதைத்தானே செய்தோம் என்று அவர்கள் நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள். ராசாவுக்கு வெள்ளைக்கரடு என்றால் உயிர். ஒருநாள் அவர் உச்சிக்கு வந்து, மண்டியிட்டு, ஒரு நீலப் பூவைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது வீரணனின் கிடா வந்தது. ராசா என்று பார்த்ததா, மந்திரி என்று பார்த்ததா? ராசாவின் மூக்குக்கு முன்னாலேயே அந்தப் பூவைக் கடித்து மென்று விழுங்கிவிட்டு, இன்னும் உண்டா என்று அவரையே பார்த்தது.

ராசாவுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. "ஐயோ, இந்தக் கரட்டைக் காப்பாற்ற ஒருவரும் இல்லையா?" என்றார்.

"ஏன் இல்லை? நான் இருக்கிறேன்" என்றது ஒரு குரல்.

பாறைக்குப் பின்னாலிருந்து ஒருவன் வந்தான். தலையில் முடி இருக்க வேண்டிய இடத்தில் கன்னங்கரேலென்று முள். சீப்பு என்ற ஒன்றைப் பிறந்ததிலிருந்து பார்க்காத தலை. அவன்தான் முட்கேசன், பெரிய மாயாவி.

"ராசாவே, இந்தக் கரட்டில் இனிமேல் குளம்பு படாது, பல் படாது, இரும்பு படாது. அப்படி ஒரு மந்திரம் போடுகிறேன். எனக்குக் கூலி ஒன்றும் வேண்டாம். உச்சியில் ஒரு கம்பளி அகலத்துக்குக்கூட வெயில் தரையைத் தொடாத நாள் என்று ஒன்று வந்தால், அன்று கரடு என்னுடையது. சம்மதமா?"

ராசா சுற்றிலும் பார்த்தார். கண்ணுக்கெட்டிய தூரம் திறந்த புல்வெளி, பளீரென்று வெயில். இதில் வெயில் விழாத நாளாவது வருவதாவது! சிரித்துக்கொண்டே "சம்மதம்" என்றார். சந்தோசமாகப் பல்லக்கில் ஏறி இறங்கிப் போய்விட்டார்.

பல்லக்கு மறைந்ததும் முட்கேசன் தரையை ஓங்கி ஒரு மிதி மிதித்தான்.

கஞ்சிக் கலயத்தோடு சிலம்பாயி மேலேறி வந்தபோது கரட்டில் ஒரு சத்தமும் இல்லை. நாற்பது ஆடும் நாற்பது வெள்ளைக் கல். கிடா ஒரு கல். மேய்ந்துகொண்டிருந்த முயல்கள் எல்லாம் குட்டிக் குட்டிக் கல். நடுவில் துரட்டியை ஊன்றியபடி வீரணன், அவனும் கல். துரட்டி நுனியில் இருந்த இரும்புதான் அவனுக்கு எமனாக வந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தவன் வாய் திறந்தபடியே நின்றான். சிலம்பாயி கையில் மண்கலயம் மட்டும் இருந்ததால் தப்பினாள்.

"என் புருசன் உனக்கு என்னய்யா செஞ்சாரு?" என்று அவள் அலறினாள்.

முட்கேசன் பல்லை இளித்தான். ஜெயித்துவிட்டோம் என்று நினைப்பவனுக்கு வாய் நிற்காது, பார்த்திருப்பீர்கள். "எவன் கேட்டு மந்திரம் விழுந்ததோ, அவன் கையாலேயே இரும்பெடுத்து இந்தக் கரட்டில் மூன்று வெட்டு வெட்டினால் உன் புருசன் எழுந்திருப்பான். ஆனால் எந்த ராசா தன் செல்லக் கரட்டை வெட்டுவான்? வெயில் மறைகிற நாளில் இந்தக் கல்லெல்லாம் நிரந்தரமாகக் கல். போ, போய் வேறு வேலை பார்" என்றான்.

வேறு வேலையா? சிலம்பாயி நேரே அரண்மனைக்கு ஓடினாள்.

அங்கே போய்ப் பார்த்தால் ராசாவுக்குப் பக்கத்து நாற்காலியில் முட்கேசன். கரட்டு மந்திரி என்று பட்டம் வேறு. தலைப்பாகை கட்டி முள்ளை மறைத்திருந்தான். சிலம்பாயி நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

"பாவம் மகாராசா," என்று உச்சுக்கொட்டினான் முட்கேசன். "இவள் புருசன் ஆட்டை ஓட்டிக்கொண்டு வேற்று நாட்டுக்குப் போய்விட்டான். அந்தத் துக்கத்தில் பாறையைப் பார்த்தால் புருசன் மாதிரி தெரிகிறது. சுண்ணாம்புக் கரட்டில் வெள்ளைக் கல் இருப்பதில் என்ன அதிசயம்?"

ராசா இரக்கப்பட்டு அவளுக்கு ஒரு சேலை கொடுத்தார். மாடத்துக்கு அழைத்துப்போய்க் கரட்டைக் காட்டினார். "பார் பெண்ணே! பச்சை! எங்கும் பச்சை! எவ்வளவு பூ!"

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த முதல் வருசம் நிஜமாகவே பூத்துக் குலுங்கியது. கடிக்க வாய் இல்லை, மிதிக்கக் கால் இல்லை, செடியெல்லாம் ஒரே கொண்டாட்டம். சிலம்பாயிக்கே ஒருவேளை ராசா சொல்வதுதான் சரியோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

இரண்டாம் வருசம் புல் இடுப்புயரம் வளர்ந்தது. வளர்ந்த புல் சாய்ந்தது. சாய்ந்த புல் காய்ந்து, அதன்மேல் அடுத்த புல் சாய்ந்தது. அடியில் கிடந்த சின்னப் பூக்கள் மூச்சு முட்டிச் செத்தன. தரையில் இறங்கி நடக்க இடமில்லாமல் வானம்பாடிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. காய்ந்த புல்லைக் கிழித்துக்கொண்டு கருமுள் முளைத்தது. ராத்திரிக்கு ஒரு சாண், பகலுக்கு ஒரு விரல். சரிவில் வெட்டுப்படாத குட்டைக்காடோ தலையோடு தலை சேர்ந்து, உள்ளே இருட்டாகிப் போனது.

சிலம்பாயி காய்ந்த புல்லை ஒரு கட்டு கட்டிக்கொண்டு மறுபடி அரண்மனைக்குப் போனாள். முட்கேசன் முந்திக்கொண்டான். "மகாராசா, முன்னே உச்சியில் முப்பது மரம். இப்போது மூவாயிரம்! எண்ணிப் பார்த்துவிட்டேன்."

ராசா மாடத்திலிருந்து பார்த்தார். "பச்சை! எங்கும் பச்சை!" என்றார். அந்த முறை இரண்டு சேலை கொடுத்தார்.

சிலம்பாயி சேலையைக் கரட்டடியிலேயே வீசிவிட்டு மேலேறினாள். கல்லாய் நின்ற வீரணனின் காலைக் கட்டிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். அப்போதுதான் பார்த்தாள். கருமுள்ளின் வேர் ஒன்று அவன் பாதத்துக்கு அடியில் நுழைந்திருந்தது. கணுக்காலில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல். சுண்ணாம்புக்கல்லில் வேர் புகுந்தால் என்ன ஆகும் என்று அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். கல் பிளக்கும். பிளந்த கல்லில் எந்த மந்திரமும் உயிரைத் திருப்பிக் கொண்டுவராது.

"அழுறதுன்னா அந்தாண்ட போய் அழு. நான் திங்கிற எலையெல்லாம் உப்புக் கரிக்குது."

சிலம்பாயி துள்ளி எழுந்தாள். அது வீரணனின் குரல்! "மாமா!" என்று கத்திக்கொண்டே கல்லின் வாயைப் பார்த்தாள். கல் அசையவில்லை.

"அங்க என்னத்தப் பாக்குற? கீழ பாரு."

காலடியில் ஒரு நட்சத்திர ஆமை. ஓடு முழுக்க மஞ்சள் கோடு. வாயில் பாதி மென்ற இலை.

"நீயா பேசுற? என் புருசன் குரல்ல?"

"கல்லாப் போனவன் பேச்சு எங்கயாச்சும் போய்ச் சேரணும்ல. பக்கத்துல நான்தான் கிடந்தேன். நான் ஒண்ணும் கேட்டு வாங்கல, தாயி."

"எல்லாம் கல்லாச்சே, நீ மட்டும் எப்படித் தப்பிச்ச?"

ஆமை வாயை அகலத் திறந்து காட்டியது. "குளம்பு, பல்லு, இரும்பு படக்கூடாது, ஒரு கம்பளி அகலத்துக்குக்கூட வெயிலு தரையத் தொடலேன்னா கரடு எனக்குன்னு அந்த மாயாவி ராசாகிட்ட சொன்னத நான் கேட்டேன். நல்லாப் பாத்துக்க. ஒரு பல்லு இருக்கா? காலப் பாரு, குளம்பு இருக்கா? பல்லு இருந்ததெல்லாம் கல்லாச்சு, நான் பொக்கை வாய், பொழச்சேன். ஆனா இன்னும் எத்தன நாளைக்கு? முள்ளு நெழல்ல நான் திங்கிற செடி எதுவும் மொளைக்கல. எனக்குப் பசிக்குது."

புருசனின் குரலில் யாரோ பசிக்கிறது என்று சொன்னால் எப்படி இருக்கும்? சிலம்பாயிக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்தக் கோபத்தில்தான் அவளுக்குப் புத்தி வேலை செய்தது. குளம்பு படக்கூடாது, பல் படக்கூடாது, இரும்பு படக்கூடாது. கை படக்கூடாது என்று அந்த முள்மண்டை சொல்லவே இல்லையே!

அன்றே வீட்டுக்குப் போய் வீரணனின் கம்பளியை எடுத்துவந்து அவன் காலடியில் விரித்தாள். கம்பளி எவ்வளவு அகலமோ, அவ்வளவு இடம். அதற்குள் ஒரு முள்ளும் நிற்க விடுவதில்லை என்று முடிவுகட்டினாள். ஒரு மழை பெய்து மண் இளகியதும் கருமுள் கன்றுகளை வேரோடு பிடுங்கினாள். பாதத்துக்கு அடியில் நுழைந்த வேரை விரல் விட்டு நெம்பி நெம்பி இழுத்தெடுத்தாள். காய்ந்த புல்லை வாரி வெளியே கொட்டினாள். கையெல்லாம் ரத்தம். வெயில் வந்து தரையைத் தொட்டது.

ஆனால் இரண்டு மாதம் ஆகியும் அங்கே ஒரு பூ பூக்கவில்லை. ஆமை அந்த இடத்தைச் சுற்றிவந்து எரிச்சலோடு பார்த்தது.

"இது என்ன, மொட்டையடிச்சு வச்சிருக்க?"

"சுத்தமா எடுத்திருக்கேன். ஒரு களை நிக்குதா பாரு" என்றாள் சிலம்பாயி பெருமையாக. நெல்வயலில் பழகிய கை அல்லவா? ஒன்றை மட்டும் விட்டு மற்ற எல்லாவற்றையும் எடுத்துத்தான் அதற்குப் பழக்கம்.

"இது உன் வயக்காடா? உங்க ஆடு என்னிக்காச்சும் இப்படியா மேஞ்சுச்சு? இங்க ஒரு கடி, அங்க ஒரு கடி, நடுவுல கொஞ்சத்த மறந்துட்டுப் போகும். குளம்பு பட்ட எடத்துல மண்ணு கீறும், அதுல வெதை விழும். மூணு நாளு மேஞ்சா மூணு மாசம் அந்தப் பக்கமே வராது. நீ என்னடான்னா தெனம் வந்து நோண்டிக்கிட்டே இருக்க."

அப்போதுதான் சிலம்பாயிக்குப் புருசன் ஏன் நாலாம் நாள் பட்டியைக் கிளப்பினான் என்பது புரிந்தது. அவனோடு அத்தனை வருசம் வாழ்ந்தும் ஒருநாளும் அதைக் கேட்கத் தோன்றவில்லையே என்று வெட்கமாகவும் இருந்தது.

அன்றிலிருந்து அவள் மேயத் தொடங்கினாள். ஆமாம், மேய்ந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். நகத்தால் இங்கே ஒரு கிள்ளு, அங்கே ஒரு கிள்ளு. குதிகாலால் மண்ணை ஒரு கீறு. கம்பளியின் ஒரு பாதியை மூன்று நாள் மேய்வாள், பிறகு அதைத் தொடாமல் மறுபாதிக்குப் போவாள். முள் கன்றை மட்டும் எங்கே கண்டாலும் விடமாட்டாள். ராத்திரி முளைத்ததைக் காலையில் பிடுங்குவாள், பிடுங்கிவிட்டுக் களையெடுக்கப் போவாள். ஆமை தன் பங்குக்குத் தின்றது, தன் பங்குக்கு மேலும் குறை சொன்னது. முதலில் ஒரு மஞ்சள் பூ வந்தது. அப்புறம் தரையோடு படர்ந்த நீலப் பூ. சூடேறிய மண்ணைத் தேடி எறும்புகள் வந்து புற்று வைத்தன. எறும்பு வந்தபின் நீல வண்ணத்துப்பூச்சி வந்தது. அதன் புழுவுக்கு எறும்புதான் காவல், எறும்பில்லாத இடத்தில் அது குடியிருக்காது. ஒருநாள் வானம்பாடி ஒன்று வீரணனின் செருப்புக்குப் பக்கத்தில் குழி பறித்து மூன்று முட்டை இட்டது.

சுற்றிலும் கருமுள் சுவர் எழும்பியது. மூன்றாம் வருசம் முடியும்போது உச்சி முழுவதும் மூடிப்போய், வெயில் தரையைத் தொட்டது அந்த ஒரு கம்பளி அகலத்தில் மட்டும்தான்.

முட்கேசன் வந்து பார்த்துப் பல்லைக் கடித்தான். "நாளைக்கே என் முள் உன் தலைக்கு மேல் கிளை போடும். அப்போது என்ன செய்வாய்? உன் கை அவ்வளவு உயரம் எட்டுமா?"

எட்டாது. அது சிலம்பாயிக்கும் தெரியும். அடுத்த நாள் காலையில் மூன்றாம் முறையாக அரண்மனைக்குப் போனாள். இந்த முறை அவள் அழவில்லை, கெஞ்சவில்லை. பொத்திய இரண்டு கையையும் ராசாவுக்கு முன்னால் நீட்டித் திறந்தாள். உள்ளங்கை வியர்வையின் உப்பை உறிஞ்சியபடி உட்கார்ந்திருந்தது ஒரு நீல வண்ணத்துப்பூச்சி.

ராசா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "இதை நான் பார்த்து மூன்று வருசம் ஆகிறது! எங்கே பிடித்தாய்?"

"உங்க கரட்டுலதான் மகாராசா. அங்க இதுக்கு ஒரு கம்பளி அகலம் எடம் இருக்கு. வந்து பாக்குறீகளா?"

"பொய்!" என்று கத்தினான் முட்கேசன். "மகாராசா, அங்கே போகாதீர்கள். பாதை கரடுமுரடு."

"என் கரட்டுக்கு நான் போவதற்கு என்ன?" என்றார் ராசா.

பல்லக்கு பாதி வழியிலேயே சிக்கிக்கொண்டது. ராசா இறங்கி நடந்தார். கொஞ்ச தூரத்தில் நடக்கவும் வழியில்லை, சிலம்பாயி போட்டுவைத்திருந்த பொந்தில் தவழ்ந்துதான் போக வேண்டியிருந்தது. கிரீடத்தை ஒரு முள் பிடுங்கிக்கொண்டது, பட்டு வேட்டியை இன்னொரு முள் கிழித்தது. உள்ளே ஒரு பறவையின் குரலும் இல்லை. மாடத்திலிருந்து பார்த்துப் பார்த்து அவர் மகிழ்ந்த பச்சை இதுதான்.

கடைசியில் வெயிலுக்கு வந்து நிமிர்ந்தார். எதிரே வீரணனின் கல். துரட்டி, திறந்த வாய், செருப்பின் வார்கூட அப்படியே. பக்கத்தில் கோணக் கொம்புக் கிடா. அந்தக் கிடாவை ராசா மறப்பாரா? முகம் வெளுத்துப் போனார்.

"மகாராசா, உங்க மந்திரி மரத்த எண்ணினாரு. நீங்க மத்ததை எண்ணுங்க" என்றாள் சிலம்பாயி. "மொதல்ல முள்ளுக்குள்ள. அப்புறம் இங்க."

ராசா முள்ளுக்கு அடியில் கம்பளி அகலம் அளந்து எண்ணினார். கருமுள், காய்ந்த புல், ஒரு கறையான் புற்று. மூன்றே மூன்று. பிறகு வெயிலில் மண்டியிட்டு எண்ணினார். புல்லில் ஏழு வகை, பூவில் பதினெட்டு, எறும்பில் நாலு, வெட்டுக்கிளி, வண்டு, பொறிவண்டு. நாற்பதைத் தாண்டியதும் அவருக்கு எண் தவறிவிட்டது. எண்ணுவதை நிறுத்திவிட்டுக் குழந்தைபோல் அழுதார்.

"நான் இதைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேனே அம்மா! உன் புருசனையும் அல்லவா... இரண்டு முறை நீ வந்து சொன்னாயே. நான் சேலை கொடுத்து அனுப்பினேனே!"

"அழுறது அப்புறம்" என்றது ஆமை. "வெட்டச் சொல்லு அவர."

சிலம்பாயி விசயத்தைச் சொன்னாள். உறைக்குள் இருந்ததால் அதுவரை கரட்டைத் தொடாத இடுப்பு வாளை ராசா உருவினார். எந்தப் போரையும் பார்க்காத வாள், பளபளவென்று இருந்தது. அந்த நேரம் பார்த்து முள்சுவர் இரண்டாகப் பிளந்து முட்கேசன் முன்னால் வந்து நின்றான்.

"வெட்டு, தாராளமாக வெட்டு! குளம்பு படாது, பல் படாது, இரும்பு படாது. அந்த மந்திரம் உனக்கு மட்டும் விலக்கா? மூன்று வெட்டுக்குள் நீயும் கல்லாவாய். அதற்குத் துணிந்த ராசாவை நான் இதுவரை பார்த்ததில்லை."

அந்த முதல் நாள் பேச்சில் இதை மட்டும் அவன் சொல்லாமல் விட்டிருந்தான். சிலம்பாயி திடுக்கிட்டு ராசாவைப் பார்த்தாள். ஓடிவிடுவார் என்றே அவள் நினைத்தாள். அவர் ஓடவில்லை.

முதல் வெட்டு. ஒரு கருமுள் சாய்ந்தது. ராசாவின் விரல்கள் மணிக்கட்டுவரை வெள்ளைக் கல்லாயின.

இரண்டாம் வெட்டு. இன்னொரு கருமுள் சாய்ந்தது. தோள்வரை கல்.

மூன்றாவதுக்குக் கை எழும்பவில்லை. கல்லான கையை எவரால் தூக்க முடியும்? வாள் அந்தக் கல் முட்டிக்குள் இறுகிக் கிடந்தது. வெள்ளை கழுத்தை நோக்கி ஏறியது. தலைக்கு மேலே கருமுள்ளின் கிளை சடசடவென்று நீண்டுவந்து, கம்பளி அகலத்தில் பாதி நிழலாகிவிட்டது.

சிலம்பாயி யோசிக்கவே இல்லை. பாய்ந்து ராசாவின் கல் முட்டியை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினாள். அவள் விரல்களும் வெளுக்கத் தொடங்கின. முழங்கைவரை சில்லிட்டது. அவள் விடவில்லை.

"ஓங்கு தாயி, ஓங்கு!" என்று கத்தியது ஆமை. "இன்னும் ஒண்ணே ஒண்ணுதான்! வெயிலு..."

ராசாவின் கையும் ராசாவின் வாளும் சிலம்பாயியின் பலமுமாக மூன்றாம் வெட்டு இறங்கியது. பெரிய கருமுள் வேரோடு சாய்ந்தது. வெயில் கொட்டென்று கொட்டியது.

"...ஏறிடுச்சே! கஞ்சி எங்க புள்ள?" என்றான் வீரணன்.

ஆமை வாயைத் திறந்து திறந்து பார்த்தது. சத்தம் வரவில்லை. சரிதான் போ என்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. நாற்பது ஆடும் உடம்பை உதறிக்கொண்டு "ம்மே" என்றன. முயல்கள் நாலு திசையிலும் பாய்ந்தன. கிடா ஒரு நொடிகூட வீணாக்காமல் குனிந்து, ராசாவின் காலடியில் இருந்த நீலப் பூவைக் கடித்துத் தின்றது. இந்த முறை ராசா சிரித்தார். உயிர் வந்த கையால் அதன் கொம்பைத் தடவிக் கொடுத்தார். சிலம்பாயிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது, எதை நிறுத்துவது என்று தெரியாமல் இரண்டையும் விட்டுவிட்டாள்.

முட்கேசன் என்ன ஆனான் என்றுதானே கேட்கிறீர்கள்? மந்திரம் உடைந்ததும் அவன் குறுகிக் குறுகி, இருந்த இடத்திலேயே ஒரு முள்புதராகிவிட்டான். "இதை அடியோடு எரித்துவிடலாமா?" என்று கேட்டார் ராசா.

"வேணாம் மகாராசா," என்றாள் சிலம்பாயி. "முள்ளுல கூடு கட்டுற குருவியும் இருக்குல்ல? வடக்கு மூலையில கொஞ்சம் நிக்கட்டும். மிச்சத்த வெட்டி எங்க பட்டிக்கு வேலி போட்டுக்கிறோம்." அன்றிலிருந்து மாயாவியின் தலைமுடி ஓநாய் வராமல் ஆட்டுக்குக் காவல் நின்றது. நாலாம் நாளானால் அதையும் கிளப்பி அடுத்த இடத்தில் நட்டார்கள்.

"கரடு முழுவதையும் உனக்கே எழுதித் தருகிறேன்" என்றார் ராசா. சிலம்பாயி தலையாட்டி மறுத்தாள். உச்சியை மூன்று பங்காகப் பிரிக்கச் சொன்னாள். ஒன்று மேய, ஒன்று ஓய, ஒன்றில் முள் பிடுங்க, வருசா வருசம் முறை மாறி. சரிவுக் காட்டைச் சூளைக்காரர்களிடமே விடச் சொன்னாள். ராசா மாடத்திலிருந்து கரட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டார். மழைக்குப் பிறகு ஒரு மாதம், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலேறி வந்து முள் பிடுங்குவார். முதல் வருசம் அவரும் மொட்டையடித்துத்தான் வைத்தார். சிலம்பாயி அவரை வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

அதெல்லாம் பின்னால் நடந்தது. கல் உயிரான அந்தச் சாயங்காலம், ஆடுகள் மேய்ந்துகொண்டிருக்க, சிலம்பாயி புருசனுக்குக் கஞ்சி ஊற்றினாள். கலயத்தை வாங்கும்போது வீரணன் அவள் கையைப் பார்த்துவிட்டான். உள்ளங்கை முழுக்கத் தழும்பு. நகங்கள் தேய்ந்து சதையோடு ஒட்டியிருந்தன.

"என்ன புள்ள இது? மத்தியானம் வரைக்கும் நல்லா இருந்துச்சே?"

"உங்களுக்குத்தான் மாமா மத்தியானம். எனக்கு மூணு வருசம்."

"மூணு வருசமா? அப்ப ஆடு?"

"ஆடு மேயல," என்றாள் சிலம்பாயி. "அதுக்குப் பதிலா நான் மேஞ்சேன்."

வீரணன் கலயத்தைக் கீழே வைத்தான். அந்த இரண்டு கையையும் எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

அவர்கள் கஞ்சி ஆறிப்போனது, என் கதையும் ஆகிப்போனது. கேட்ட காதெல்லாம் குளிரட்டும், கேட்டவர் வாசலில் எல்லாம் பூ பூக்கட்டும்.